குறைக்க ஸ்விட்ச் இல்லாத லைட்

ராத்திரி இரண்டு மணி பத்து நிமிடம். புறவழிச் சாலை. ஈ, காக்காய் இல்லை. அந்த நேரத்தில் அங்கே தனியாகப் போனவர் என் சிநேகிதனின் சித்தப்பா. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள்...

வழியில் நின்றுபோன வண்டிகளைச் சரிசெய்ய ரெக்கவரி வண்டி வைத்திருந்தார் அவர். மெக்கானிக், சித்தியின் தம்பி. வண்டித் தலையில் வைக்கும் மஞ்சள் லைட் வாங்க வேண்டியிருந்தது. மூன்றை வரவழைத்து, உச்சி வெயிலில் ஷெட் வாசலில் எரியவிட்டுப் பார்த்தார். அந்த வெயிலிலும் கண்ணைக் குத்தியது எதுவோ, அதுதான் என்று முடிவுகட்டிவிட்டார்.

"மாமா, ராத்திரில ஒரு தடவை போட்டுப் பாத்துட்டு வாங்கலாமே. இதுல குறைக்கிற ஸ்விட்சே இல்ல. பக்கத்துல நிக்கிற ஆளு தெரியமாட்டான்."

"அடப் போடா! லைட்டுன்னா கண்ணு கூசணும். எனக்கே பாடம் எடுக்கிறியா?"

மூன்றாம் மாதம். ஒரு ராத்திரி அந்தப் புறவழிச் சாலையில், டயர் மாற்றக் குனிந்திருந்த சித்தியின் தம்பி மேல் லாரி ஏறியது. லாரிக்காரன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "லைட்டு தெரிஞ்சுது சார்... ஆளு தெரியல."

ரெக்கவரி வண்டியின் கேபினிலிருந்து இறங்கிவந்த சித்தப்பா அதைக் கேட்டார். லாரிக்காரன் உதவிக்கு ஆள் தேடி ஓடினான். அந்த இடைவெளியில் இந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? பையன் போட்டிருந்த, வெளிச்சம் பட்டால் மின்னும் ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்டைக் கழற்றி ஒளித்தார். மறுநாள் ஷெட்டுக்குப் பின்னால் போட்டுக் கொளுத்தினார். பழி லைட்டின் மேல் வராமலிருக்க, 'ஜாக்கெட் போடச் சொன்னேன், கேக்கல' என்று ஊரெல்லாம் சொன்னார். சித்தி நம்பினாள். செத்த தம்பியைத் திட்டித் திட்டி அழுதாள். பாவி, அதையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்கப்புறம் எந்த மெக்கானிக்கும் வேலைக்கு வரவில்லை. பத்து மாதம் கழித்து, அதே சாலையில் பஞ்சர் என்று ஃபோன். அந்த ராத்திரிதான் அவரே தனியாகப் போனார். ஆளில்லாமல் நின்ற காருக்குப் பின்னால் வண்டியை நிறுத்தி, லைட்டைப் போட்டு, டயரருகே குனிந்தார்.

லைட் மெல்ல... மெல்ல... மங்கியது.

ரப்பர் கருகும் வாடை. பின்னாலிருந்து ஒரு கை அவர் கையைப் பிடித்தது. பச்சைத் தண்ணீர் மாதிரி சில்லிட்ட கை. குழந்தைக்குச் சட்டை மாட்டுவதுபோல ஒரு தோள்... அப்புறம் மறு தோள்... சர்ர்ர்ரென்று ஜிப் கழுத்துவரை ஏறியது. கத்தப் பார்த்தார்.

கிரீ...ச்!

ஒரு முழத் தூரத்தில் லாரி நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தான்.

"பொழச்சீங்க சார்! நல்ல வேளை, லைட்ட குறைச்சு வச்சிருந்தீங்க. முதுகுல பட்டை மின்னுச்சு, பிரேக்க மிதிச்சேன்... ஆமா, கூட நின்ன தம்பி எங்க?"

சித்தப்பா எப்படி வீடு வந்து சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. கதவைத் திறந்த சித்தியின் கண் அவர் நெஞ்சில் நின்றது. ஜாக்கெட்டில் மார்க்கர் பேனாவால் ரத்த வகை எழுதியிருந்தது. அது அவள் தம்பியின் கையெழுத்து. அதன் குறுக்கே லாரி டயரின் தடம்.

"போடலன்னு சொன்னீங்களே..."

சித்தப்பா அவசரமாக ஜிப்பை இறக்கப் பார்த்தார்.

"செத்தவன எவ்வளவு திட்டினேன்! எம் பக்கத்துலயே நின்னு கேட்டுக்கிட்டு இருந்தீங்களே!"

ஜாக்கெட்டின் கீழோரம் கருகியிருந்தது. அதைத் தொட்டவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். விரல் நுனியில் கொப்புளம்.

பத்து மாதத்துக்கு முன்னால் வைத்த நெருப்பு... இன்னும் கனன்றுகொண்டிருந்தது.