நாற்பத்திரண்டாவது தவறு

மேடையில் அமர்ந்திருக்கும் அதிகாரிகளே, என் சக பணியாளர்களே, பெரியக்காவின் கணவரே, பிள்ளைகளே, அவர் கையால் ஊசி போட்டுக்கொண்ட ஊர் மக்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நம் ஆரம்ப சுகாதார நிலையத்தின் தலைமைச் செவிலியராக இருந்த நம் பெரியக்கா நம்மை விட்டுப் போய்விட்டார். இங்கே பேசியவர்களெல்லாம் அவரைப் பொறுமைசாலி என்றார்கள். பொறுமையா! மருந்தாளுநரான எனக்குத் தெரியாதா? காலாவதி மாத்திரை ஒன்று அலமாரியில் கிடந்தால் அன்று முழுக்க என்னை வறுத்தெடுப்பார். அவரைச் சாதுவாக்கி மாலை போடுவது நமக்கு வசதியாக இருக்கிறது.

அவர் செய்தது என்ன? ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு மணிக்கு, நோயாளிகள் போனபின், பெஞ்சுகளை வட்டமாகப் போடச் சொன்னார். அந்த வாரம் செய்த தவற்றை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். முதல் வாரம் அவரே ஆரம்பித்தார். எடைக்கருவியின் முள்ளைப் பூஜ்யத்தில் வைக்காமல் மூன்று வாரம் குழந்தைகளை எடை போட்டிருக்கிறார். மெலிந்த பிள்ளைகள் ஏட்டில் தேறியிருந்தார்கள். பதினாறு வீடுகளுக்கு நடந்துபோய், தாய்மார்களிடம் உண்மையைச் சொல்லி, மறுபடி எடை பார்த்தார்.

"நம்ம தப்பை நாமளே சொல்லிடுவோம்ப்பா. நோயாளி உடம்பு சொல்ற வரைக்கும் விட வேண்டாம்" என்றார்.

பிறகு துப்புரவுப் பணியாளர் பேசினார், ஆய்வகக்காரர் பேசினார், டாக்டரே பேசினார். ஓராண்டில் நாற்பத்தொரு தவறுகள் நோட்டில் ஏறின. ஒன்றுகூட இரண்டாம் முறை நடக்கவில்லை. எல்லாவற்றையும் ஆண்டறிக்கையில் அப்படியே எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார்.

தரத்துக்கான விருது யாருக்குப் போனது? தவறே நடக்கவில்லை என்று எழுதிய நிலையத்துக்கு! நமக்கு வந்தது, நாற்பத்தொன்றுக்கும் விளக்கம் கேட்டு ஒரு கடிதம். பெரியக்காவை மருந்துக் கிடங்குக்கு மாற்றினார்கள். நாம் என்ன செய்தோம்? பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போனோம். மேடையில் இருப்பவர்கள்மீது வருகிற கோபம் என்மீதும் வருகிறது. இரண்டு ஆண்டுகளாக நம் நிலையத்திலும் தவறே இல்லையாம். நம்புகிறவர் இங்கே ஒருவராவது உண்டா?

நோட்டு இதோ. கிடங்கில் அவர் மேசை இழுப்பறையில் கிடைத்தது. நாற்பத்திரண்டு என்று எண் போட்டு, எதிரே காலியாக விட்டிருக்கிறார்.

போன வியாழக்கிழமை, ஒரு குழந்தையின் காய்ச்சல் மருந்துச் சீசாவில் ஒட்டும் சீட்டில் அரைக் கரண்டி என்பதற்குப் பதிலாக இரண்டு கரண்டி என்று எழுதினேன். தாய் சந்தேகப்பட்டுத் திரும்பி வந்ததால் பிள்ளை தப்பியது. நான் அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, யாரிடமும் மூச்சு விடவில்லை.

அதை இப்போது இந்த நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். ஐயா, விளக்கம் கேட்கும் கடிதத்தை என் பெயருக்கு அனுப்புங்கள்.

வருகிற சனிக்கிழமை இரண்டு மணிக்குப் பெஞ்சுகள் வட்டமாகப் போட்டிருக்கும். நாற்பத்து மூன்றாவதைச் சொல்ல யார் வருகிறீர்கள்?