திருத்தக் கூடாத பெடல்

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, பழுதுபார்க்கும் கடைத் தோழர்களே, வாத்தியக் கலைஞர்களே, முன்வரிசையில் கண்கலங்கி உட்கார்ந்திருக்கும் அவர் வீட்டு அம்மாவே! ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். மைக் முன்னால் நிற்பது இதுதான் முதல் முறை. ஆனாலும் வாத்தியப் பெட்டிகளைப் பழுதுபார்த்தே வாழ்ந்து மறைந்த நம் பெட்டி வைத்தியரைப் பற்றி நான் பேசாமல் இருந்துவிட முடியுமா?

என் பேத்தி வாசித்து உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். விபத்துக்குப் பிறகு அவளுக்கு இடது கை தூக்க வராது. ஒரே கையால் சிந்தசைசர் என்ற மின்சார வாத்தியப் பெட்டியை வாசிப்பாள். பெருமையாகத்தான் சொல்கிறேன்! ஒரு சுரம் அடுத்த சுரத்துக்குத் தாவாமல் இழைந்துகொண்டே போக அந்தப் பெட்டியில் ஒரு வசதி உண்டு. போர்ட்டமென்டோ என்று பெயர். என் வாயில் நுழைய ஒரு வாரம் ஆயிற்று. அதைப் போடவும் நிறுத்தவும் ஒரு சுவிட்ச். அதைத் தொடக் கையை எடுத்தால் பாட்டு அறுந்துவிடும். மேடையிலேயே இரண்டு முறை அறுந்தது. “இனிமே வாசிக்கல பாட்டி” என்று பெட்டியைத் துணி போட்டு மூடிவிட்டாள்.

நான் போய் நின்ற இடம் எது? அவர் கடைதான்! மூடியைக் கழற்றினார். எட்டிப் பார்த்தேன்.

“இத்தனை வயர் இருக்கே தம்பி, இதுல பாட்டு எதுல போவுது?”

“அதைத்தாம்மா நானும் முப்பது வருஷமா தேடறேன். கண்ணுல பட்டா சொல்லுங்க.”

நாலே நாளில் அந்தச் சுவிட்சுக்குப் பதிலாகக் காலால் மிதிக்க ஒரு பெடல் செய்துவிட்டார். மிதித்தால் சுரம் இழைய வேண்டும், காலை எடுத்தால் நிற்க வேண்டும். நடந்தது என்ன? தலைகீழ்! காலை எடுத்தால் இழைந்தது, மிதித்தால் நின்றது. தலையில் அடித்துக்கொண்டார்.

“ரெண்டு வயரை மாத்திட்டேன்மா. அஞ்சே நிமிஷம், சரி பண்ணிடறேன்.”

பேத்தி விடவில்லை. “தொடாதீங்க மாமா! இழையறதுதான் எனக்கு எப்பவும் வேணும். வேணாங்கறப்ப மட்டும் மிதிச்சுக்கறேன்.”

“அப்ப நான் செஞ்சது தப்பில்லையே?”

“தப்புதான் மாமா. நல்ல தப்பு.”

சிரித்தாரே ஒரு சிரிப்பு! அதை இனி எங்கே போய்க் கேட்பேன்?

அவர் போன பத்தாவது நாள் பெடல் நின்றுவிட்டது. இன்று தலைமை தாங்கும் அவருடைய கூட்டாளியிடம் கொண்டுபோனேன். பிரித்தவர், “வயரே மாறியிருக்கே” என்று திருத்தக் கை வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது. மூடியின் உள்பக்கம் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன்: “வயர் மாறலை. வாசிக்கிற பொண்ணு கேட்டது இப்படித்தான். திருத்தாதீங்க.”

கூட்டாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்டுப்போன ஒரு இடத்தை மட்டும் பற்றவைத்துக் கொடுத்தார்.

தன் தப்புக்கே காவல் வைத்துவிட்டுப் போன மனிதரை வேறெங்காவது பார்த்ததுண்டா? அவர் மேசையில் இன்னும் பதினொரு பெட்டிகள் காத்திருக்கின்றன. கடைத் தோழர்களே, ஒவ்வொன்றையும் திறக்கும் முன் அதை வாசிக்கிறவரை ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் வேலையைத் தொடர்வது என்றால் அதுதான். செய்வோம் என்று சொல்வோமா?

நான் பேசியது போதும். இப்போது என் பேத்தி வாசிப்பாள். இன்றைக்குப் பாட்டு முழுக்க இழையட்டும் என்று பெடலில் காலே வைக்க மாட்டாளாம்.