காகிதத்தில் ஐம்பத்து நாலு

நமோண்டோ: மெதுவா தின்னுண்ணே. உன்கிட்டருந்து யாரும் பந்தைப் பிடுங்க வரல.

லியோங்கா: பதினாலு வருஷமா ஜெயில் சோறு. இலையில வேகவச்ச சேப்பங்கிழங்கைப் பார்த்ததும் கை தானா ஓடுது. காலுதான் ஓட மாட்டேங்குது.

நமோண்டோ: அது எப்ப ஓடுச்சு?

லியோங்கா: மரியாதை... கேமரூனுக்காக ஆடின காலு.

நமோண்டோ: பதினோரு ஆட்டம், ஒரு கோல். அதுவும் உன் முதுகுல பட்டு உள்ள போனது.

லியோங்கா: முதுகு என்னோடதுதானே?

நமோண்டோ: சரி, கேளு. இருபதாம் தேதி, தேசிய நாளுக்கு, அறுபது தாண்டின கைதிங்களை விடறாங்களாம். ரேடியோவுல சொன்னான்.

லியோங்கா: விடட்டும். நான் சின்னப் பையன். ஐம்பத்து நாலு.

நமோண்டோ: அறுபத்தொண்ணு.

லியோங்கா: அது அம்மா கணக்கு. வெளிநாட்டு கிளப்காரன் வந்தப்ப எனக்கு இருபத்து நாலு. அவன் பதினேழு வயசுப் பையன்தான் வேணும்னான். கோச் ஒரே நாள்ல ஏழு வருஷத்தை வெட்டி எறிஞ்சார். முடி வெட்டறவன்கூட அவ்வளவு வேகமா வெட்ட மாட்டான்.

நமோண்டோ: எனக்கு ஐம்பத்தெட்டு. காகிதப்படி நான் உனக்கு அக்கா.

லியோங்கா: சரிங்கக்கா. இன்னொரு மீன் துண்டு வைங்கக்கா.

நமோண்டோ: இன்னும் பதினோரு வருஷம் பாக்கி இருக்கு. சிரிக்கிறே.

லியோங்கா: அழுதா யாரு நம்புவா? சும்மா கீழ விழுந்து விழுந்தே பெனால்ட்டி வாங்கினவன் நான்.

நமோண்டோ: உன் ஞானஸ்நானப் பதிவு... சர்ச்ல தேடியாச்சு.

லியோங்கா: ...இருந்துச்சா?

நமோண்டோ: கரையான் அரிச்சிருச்சு.

லியோங்கா: அப்பாடா... ஐயோன்னு சொல்ல வந்தேன்.

நமோண்டோ: சொன்னது காதுல விழுந்துச்சுண்ணே.

லியோங்கா: வாயில கிழங்கு இருந்துச்சு...

நமோண்டோ: போன வாரம் விடுதலைப் பட்டியல் எழுதறப்ப ஜெயில் ரைட்டர் உன் நிஜ வயசைக் கேட்டாராமே. சர்ச் சீட்டு ஒண்ணு போதும்னாராம். நீ ஐம்பத்து நாலுதான்னு அடிச்சுச் சொன்னியாம்.

லியோங்கா: பழக்கதோஷம்.

நமோண்டோ: அண்ணே.

லியோங்கா: ...வெளிய வந்தா நான் எங்க இருப்பேன்?

நமோண்டோ: என் வீட்ல.

லியோங்கா: சந்தையைத் தாண்டித்தானே வரணும்? அங்க முனையில மீன் சுடறது யாரு?

நமோண்டோ: ...எனாங்கா.

லியோங்கா: நான் கொன்ன காவல்காரனோட பொண்டாட்டி. எழுபதாயிரம் பேர் ஊளையிட்டப்பவும் எனக்குக் காலு நடுங்கல. அவ அடுப்பைத் தாண்டி நடக்க பயமா இருக்கு, நமோண்டோ.

நமோண்டோ: அன்னிக்கு நீ குடிச்சிருந்தே. கூட்டாளிங்கதான் உன்னை...

லியோங்கா: கோகோ கோடௌன் பூட்டை உடைச்சது அவனுங்க. கீழ கெடந்தவன் தலையில உதைச்சது நான். ஆடின காலம் பூரா இந்த இடது காலு குறி தப்பித்தான் அடிச்சுது. அன்னிக்கு ஒரு நாள் மட்டும்... சிரிச்சுரலாம்னு பார்த்தேன். வரல.

நமோண்டோ: கரையான் எதையும் அரிக்கலண்ணே. இந்தா சீட்டு. பாதிரியார் கையெழுத்து, முத்திரை, எல்லாம் இருக்கு.

லியோங்கா: அப்ப பொய்யா சொன்னே?

நமோண்டோ: உன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பார்க்கணும்னுதான். நாலு மணிக்குள்ள ரைட்டர்கிட்ட குடுக்கணும்.

லியோங்கா: கிழிச்சுப் போடு. உன்னை யாரு இதுக்காக அலையச் சொன்னது?

நமோண்டோ: நான் எங்க அலைஞ்சேன்? எனாங்காதான் போய் எழுதி வாங்கிட்டு வந்தா. 'உள்ள ஒளிஞ்சிருந்தது போதும், வெளிய வந்து என் முகத்தைப் பார்க்கச் சொல்லு'ன்னா. ஜெயில் வாசல்லதான் உக்காந்திருக்கா.