பச்சையாக விழுந்த இலை

செடி இலை உதிர்த்தால் எல்லோரும் முதலில் தண்ணீர்தான் ஊற்றுகிறார்கள். எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன், யாரும் கேட்பதில்லை. தி.நகர், அடையாறு, மந்தைவெளி என்று எங்கெங்கிருந்தோ எனக்குப் படம் எடுத்து அனுப்புவார்கள். நேற்றுவரை நன்றாக இருந்தது மேடம் என்பார்கள். அப்படி ஒரு செடி உலகத்தில் கிடையாது. இலை விழுவதற்கு வெகு முன்பே அது எதையோ சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கும், இவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

நீங்கள் என் தங்கை ஸஹானாவைப் பற்றித்தான் கேட்டீர்கள், மறக்கவில்லை. அவள் குளியலறையில் எப்படி இறந்தாள் என்று சொல்ல நான் இலையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அவசரப்படுத்தாதீர்கள் இன்ஸ்பெக்டர். எதையும் விடாமல் சொல்கிறேன்.

மயிலாப்பூரில் எங்கள் வீடு மூன்றாவது மாடி. சுற்றிலும் கட்டடங்கள் எழும்பிவிட்டதால் பக்கத்து வீட்டுக் குக்கர் சத்தம் உள்ளே வரும், வெயில் வராது. கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவளால் செடி இல்லாமல் இருக்க முடியுமா? இரும்பு அலமாரியில் தட்டுக்குத் தட்டு எல்.இ.டி. விளக்கு கட்டி, அதன் கீழே வளர்த்தேன். ஸஹானாவின் அறைதான் பெரியது என்பதால் அலமாரியை அங்கே வைத்தேன். "கல்யாண மண்டபத்துல படுத்துண்டிருக்கற மாதிரி இருக்குக்கா" என்று கிண்டல் செய்வாள். பிறகு கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு தூங்கிவிடுவாள்.

வீட்டில் பழைய வயரிங். செடி விளக்குகளையும் வெந்நீர் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டால் ஃப்யூஸ் போய்விடும். விளக்கை அணைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் அவள் அறையை ஒட்டிய குளியலறையில் கேஸ் கீசர் மாட்டினேன். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அம்மா போனபோது ஸஹானா பள்ளிக்கூடத்தில்கூடச் சேரவில்லை. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். தலை பின்னியது, பாடம் சொல்லிக்கொடுத்தது, ஜுரம் வந்தால் மடியில் போட்டுக்கொண்டது எல்லாம் நான்தான். எனக்கு வந்த வரன்கள் தங்கையை என்ன செய்வது என்ற கேள்வியிலேயே நின்றுபோயின. அதற்காக நான் வருத்தப்பட்டதே இல்லை.

சென்ற ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட சமயம், சாப்பிடும்போது அவள் சொன்னாள். "ஷ்ரேயாவோட சேர்ந்து ஆபீஸ் பக்கத்துலயே ஒரு ஃபிளாட் பாத்திருக்கேன்க்கா. இந்த மழைல போயிட்டு வரதுக்குள்ள பிராணன் போறது." ஷ்ரேயா அவளோடு வேலை பார்க்கும் பெண். என் முகத்தைப் பார்த்து, "பெருங்குடி என்ன அமெரிக்காவா? சனிக்கிழமையானா ஆத்துக்கு வந்துடுவேன்" என்று சிரித்தாள்.

சரி என்று சொல்லி ரசம் ஊற்றினேன். மறுநாள் அவள் ஆபீஸுக்குப் போனபின் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. இனிமேல் தினமும் இதுதான் என்று தோன்றியது. அப்படி ஒரு பயத்தை நான் அதுவரை அறிந்ததில்லை. எழுந்து போய் எல்லா அறையிலும் ஃபேனைச் சுழலவிட்டேன்.

அந்த மழைக்காலத்தில்தான் அலமாரியில் இருந்த கோலியஸ் செடி இலை உதிர்க்க ஆரம்பித்தது. நான் வழக்கப்படி ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வந்தேன். தண்ணீர் அதிகமானால் அடியிலை மஞ்சளாகித்தான் விழும். வெளிச்சம் போதாவிட்டால் தண்டு ஒல்லியாக நீளும். பூச்சி என்றால் இலையின் பின்புறத்தில் அடையாளம் இருக்கும். இது எதுவும் இல்லை. இலைகள் பச்சையாக, கொழுகொழுவென்று, தொட்டால் கையோடு வந்தன. பச்சை இலை காம்போடு கழன்று விழுந்தால் காற்றைச் சந்தேகப்பட வேண்டும். தொட்டியைக் கூடத்துக்கு மாற்றினேன், உதிர்வது நின்றது. திரும்ப அவள் அறையில் வைத்தேன், மறுபடி உதிர்ந்தது.

கேஸ் அரைகுறையாக எரிந்தால் எத்திலீன் என்ற வாயு வரும். வாழைப்பழத்தைப் பழுக்க வைப்பதும் அதுதான், செடியை இலை உதிர்க்க வைப்பதும் அதுதான். அதே அரைகுறை நெருப்பில் கார்பன் மோனாக்சைடும் வரும். அது மனிதர்களுக்கானது, அதற்கு வாசனை கிடையாது. குளியலறைக்குள் போய்ப் பார்த்தேன். நீலமாக எரிய வேண்டிய கீசர் மஞ்சளாக எரிந்தது. சாரல் அடிக்கிறதென்று ஜன்னலையும் சாத்தி வைத்திருந்தோம். ஸஹானா கொஞ்ச நாளாகக் குளித்துவிட்டு வந்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவதன் காரணம் எனக்கு அப்போது விளங்கியது.

அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்பீர்கள். கூப்பிடத்தான் போனை எடுத்தேன். அந்த நேரம் பார்த்து அவள் வந்து என் மடியில் தலை வைத்துப் படுத்தாள். "எனக்கு ரொம்பப் பயமா இருக்குக்கா. தலைக்குள்ள ஏதாவது கட்டியா இருக்குமோ? இப்போதைக்குப் பெருங்குடி வேண்டாம், உன்னோடயே இருக்கேன்." சின்னக் குழந்தையாக இருந்தபோது பிடித்துக்கொள்வதுபோல் என் புடவையைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள். நான் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

நான் அஜாக்கிரதையாக இருந்தேன் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. மற்ற செடிகளையெல்லாம் கூடத்துக்கு மாற்றினேன், அவை வீணாகப் பாதிக்கப்படக் கூடாது இல்லையா? கோலியஸை மட்டும் குளியலறைக் கதவருகே விட்டுவைத்தேன். கருவியைவிட அது நம்பகமானது. தினமும் காலையில் தொட்டியின் கீழே பார்ப்பேன். ஓரிரண்டு இலை கிடந்தால் கவலை இல்லை. கைநிறையக் கிடந்தால் அன்று ஜன்னலை நன்றாகத் திறந்து வைப்பேன். அவளுக்குத் தலைவலி இருக்க வேண்டும், அதற்கு மேல் எதுவும் ஆகிவிடக் கூடாது. அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டேன்.

டாக்டரிடமும் நான்தான் அழைத்துப்போனேன். ஸ்கேன் எடுத்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. ஆட்டோவில் திரும்பும்போது முகம் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள். "ஒண்ணும் இல்லைன்னு சொன்னதுதான் இன்னும் பயமா இருக்கு. என்னன்னே தெரியாம செத்துப்போயிடுவேனோ?" என்று கேட்டாள். "நான் இருக்கேன்டி" என்றேன். அன்றிலிருந்து தனியாகப் படுக்கப் பயந்து என் அறைக்கே வந்துவிட்டாள், குளிக்க மட்டும்தான் அவள் அறைக்குப் போவாள். தூக்கத்திலும் என் கையை விடமாட்டாள். எனக்கு அந்த நாட்களில் நல்ல தூக்கம் வந்தது.

கீசர் மெக்கானிக் அப்துல் சமத் உங்களிடம் சொன்னதும் உண்மைதான். வெந்நீர் சரியாக வரவில்லை என்று ஸஹானா என்னைக் கேட்காமல் அவரை வரச் சொல்லியிருந்தாள். வேறு ஆள் பார்த்துவிட்டார் என்று சொல்லி வாசலிலேயே அனுப்பினேன்.

"இன்னாமா, மழைல நனஞ்சிகினு ராயப்பேட்டைலேர்ந்து வந்துகீறேன், பாக்காமயே போவச் சொல்றே" என்று சலித்துக்கொண்டார். படியிறங்கப் போனவர் நின்று திரும்பினார். "குளிச்சா தல சுத்துதுன்னு பாப்பா போன்ல சொல்லிச்சு. பாத்ரூம் ஜன்னல மட்டும் சாத்தாதமா."

திறந்துதான் இருக்கிறது என்று சொல்லிக் கதவை மூடினேன்.

மார்கழி பிறந்தபின் ஒரு மாற்றம் வந்தது. கோலியஸின் கீழே தரை சுத்தமாக இருந்தது. நாளைக்குப் பார்ப்போம் என்று பார்த்தேன், மறுநாளும் ஒரு இலைகூட இல்லை. செடி கொஞ்சம் மொட்டையாகத்தான் தெரிந்தது. ஆனால் அது பழைய உதிர்வு என்று நினைத்தேன். ஸஹானாவும் தலைவலி என்று சொல்வதை நிறுத்திவிட்டாள். கேட்டால் பரவாயில்லை என்பாள். ஆபீஸுக்குக்கூட ஒழுங்காகப் போய்வந்தாள். பிறகு ஒருநாள் காபியை ஆற்றிக்கொண்டே, "தை பொறந்தா நான் அந்த ஃபிளாட்டுக்குப் போயிடறேன்க்கா, உன்னை எத்தனை நாள் படுத்தறது?" என்றாள்.

நெருப்பு தானாகச் சரியாகிவிட்டது, அல்லது காற்று அதிகமாக வருகிறது என்று முடிவு செய்தேன். மறுநாள் அவள் குளிக்கப் போவதற்கு முன் குளியலறை ஜன்னலை முழுவதும் சாத்தி, இடுக்கில் பழைய துணியை வைத்து அடைத்தேன். தெரியாமல் நடந்தது என்று என் வக்கீல் சொல்லச் சொல்கிறார். தெரிந்துதான் செய்தேன். எல்லாவற்றையும் சொல்வதாக ஒப்புக்கொண்டுவிட்டு இதை மட்டும் மாற்றிச் சொல்வானேன்?

தண்ணீர் ஓடும் சத்தம் நிற்கவே இல்லை. அவள் எப்போதும் வெந்நீரில் நெடுநேரம் நிற்பவள், அதனால் காத்திருந்தேன். பிறகு கூப்பிட்டேன், கதவைத் தட்டினேன். எதிர்வீட்டு சாய்சரண் ஓடிவந்து தாழ்ப்பாளை உடைத்தார். நான் முதலில் செய்த காரியம் ஜன்னல் துணியை உருவியது. அவரும் அதைப் பார்த்தார், உங்களிடம் சொல்லியிருப்பார்.

காரியங்கள் முடிந்தபின் ஷ்ரேயா வந்து அழுதாள். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது. "ஸஹானா காலைல உங்களுக்கு முன்னாடியே எழுந்து விழுந்த இலையெல்லாம் பொறுக்கிடுவா. பைல போட்டு எடுத்துட்டு வந்து ஆபீஸ் குப்பைத் தொட்டில கொட்டுவா. இலை விழுந்தா அக்கா மூஞ்சியே வாடிப்போகுது, என்னால அவ கவலைப்படறது போதாதான்னு கேப்பா. கடைசில தலைவலியக்கூட உங்ககிட்ட சொல்றதில்லன்னு சொன்னா."

அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ஒரு கை இலை, அதை அவள் இருந்த இடத்திலேயே விட்டிருந்தால் போதும், நான் ஜன்னலைத் திறந்திருப்பேன். அக்காவிடம் எதையும் மறைக்காதே என்று சின்ன வயதிலிருந்து படித்துப் படித்துச் சொல்லி வளர்த்தேன். அந்த ஒன்றைக் கேட்டிருந்தால் இன்றைக்கு என்னோடு இருந்திருப்பாள்.