முள் பச்சையில் நிற்க வேண்டும்

காப்பி நன்றாக இருக்கிறது. காவல் நிலையக் காப்பி வெறும் தண்ணீராக இருக்கும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்படி ஒன்றும் இல்லை.

நேற்று ஒரு கேள்வி கேட்டீர்கள். எரிந்த படகில் கிடைத்த தீயணைப்பான் காலியாக இருக்கிறது, ஆனால் அதிலிருந்து வந்திருக்க வேண்டிய பவுடர் படகில் எங்குமே இல்லையே என்று. நல்ல கேள்வி. இவ்வளவு கவனமாகப் பார்க்கிறவர்கள் குறைவு. அதனால்தான் உங்களிடம் சொல்வதில் எனக்குச் சங்கடமில்லை.

நான் ராமலிங்கம். ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். செங்காங்கில் அருண்ராஜ் எனக்கு எதிர்வீடு. என்னைவிட இளையவன். அண்ணே அண்ணே என்று ஒட்டிக்கொள்வான். போன வருஷம் பழைய மோட்டார் படகு ஒன்று வாங்கினான், பெட்ரோல் எஞ்சின். அதில் ஒரு தீயணைப்பான்கூடக் கிடையாது. நானே வாங்கிவந்து, எஞ்சினை விட்டுத் தள்ளி, கைக்கு எட்டும் இடத்தில் மாட்டிக் கொடுத்தேன். எஞ்சினை முடுக்குமுன் உள்ளே இருக்கும் விசிறியைப் போட்டுத் தேங்கிய பெட்ரோல் ஆவியை வெளியேற்று, கிளம்புமுன் தீயணைப்பானின் அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்கிறதா பார், சிவப்பில் நின்றால் அது காலி என்று சொன்னேன். அவ்வளவுதான். அவன் ஒருநாளும் செய்ததில்லை.

தேக்காவில் நண்பர்களோடு சாப்பிடும்போது மறுபடியும் சொன்னேன்.

"அண்ணே, இது என்ன எண்ணெய்க் கப்பலா? சின்ன போட் லா. உங்க மூஞ்சியப் பாத்தாலே நெருப்பு ஓடிடும்," என்றான்.

மேசையே சிரித்தது. அவன் மனைவி ரக்ஷனாவுக்குப் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன். நான் கோபப்படுகிற ஆள் இல்லை.

பிறகு ஒருநாள், படகைக் கழுவித் தருகிறேன் என்று சாவி வாங்கினேன். தீயணைப்பானைப் பட்டறைக்குக் கொண்டுபோய்க் காலி செய்து, சுத்தமாகத் துடைத்து, பழைய இடத்திலேயே மாட்டினேன். முள் சிவப்புக்கு வந்திருந்தது. அதை நான் மறைக்கவில்லை, குறித்துக்கொள்ளுங்கள். பார்க்கிறவன் கண்ணில் படும்படிதான் திருப்பி வைத்தேன். அப்புறம் பெட்ரோல் குழாயின் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினேன்.

கொல்ல நினைத்தாயா என்பீர்கள். இல்லை. விசிறியைப் போடுகிறவனுக்கு ஆபத்து குறைவு. முள்ளைப் பார்க்கிறவன் கரையை விட்டே கிளம்பமாட்டான். பிழைக்க அவனுக்கு எல்லா வழியும் திறந்தே இருந்தது.

அந்தச் சனிக்கிழமை காலை படகுத்துறைக்குப் போனேன். ரக்ஷனாவும் போகிறாள் என்பது அங்கே போன பிறகுதான் தெரியும்.

"அண்ணே, நீங்களும் வாங்களேன். உபின் தீவுப் பக்கம் ஒரு சுத்து சுத்திட்டு லஞ்சுக்கு வந்துடலாம்," என்றாள்.

"எனக்கு வெயில் ஒத்துக்காதும்மா. நீங்க போயிட்டு வாங்க."

அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுபடியும் சிரித்திருப்பார்கள். படகின் கயிற்றை அவிழ்த்து விட்டதும் நான்தான். அவன் விசிறியைப் போடவில்லை, முள்ளையும் பார்க்கவில்லை. கரையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் தூரத்தில் கரும்புகை எழுந்தபோது உதவிக்கு முதலில் போன் செய்ததும் நான்தான். அதை விசாரித்திருப்பீர்கள்.

படகு வெடித்ததில் ரக்ஷனா கடலில் தூக்கி எறியப்பட்டதால் பிழைத்தாள். அருண்ராஜின் உடலை அடையாளம் காட்ட நான்தான் போனேன்.

மருத்துவமனையில் அவளைப் பார்த்தேன். கட்டுப் போட்ட கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உபின் கிட்ட நங்கூரம் போட்டுட்டு உக்காந்திருந்தோம் அண்ணே. அப்பத்தான் அவரு அதப் பாத்தாரு. 'முள்ளு சிவப்புல நிக்குது, அண்ணன் சொன்னது சரிதான். திரும்பிப் போய் அவர்கிட்டயே கேட்டு மாத்திடுவோம்'னாரு. திரும்புறதுக்காகத்தான் எஞ்சினப் போட்டாரு."

நான் அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். வேறென்ன செய்ய முடியும்?

இதைக் கேட்டால் யாருக்கும் மனம் இளகும். எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் நீங்கள் விதிமுறை தெரிந்தவர், உங்களுக்குப் புரியும். கிளம்பும் முன் பார் என்றுதான் நான் சொல்லியிருந்தேன். அவன் பார்த்தது கிளம்பிய பிறகு.