முன்னால் போகிறவளின் கை

டீ ஆறட்டும், மேடம். எனக்குச் சூடாகக் குடித்துப் பழக்கமில்லை. நான் வேலை பார்க்கும் பேக்கிங் ஷெட்டில் டீ கேன் எல்லா மேஜைக்கும் போய்விட்டுக் கடைசியாகத்தான் எங்கள் மூலைக்கு வரும்.

செல்வி அக்கா ஆஸ்பத்திரியில் உங்களிடம் சொன்னதை, எங்களுக்குப் பயிற்சி கொடுக்கும் கோதண்டம் அண்ணன் இங்கே வரும் வழியில் சொன்னார். தான் சைக்கிளிலிருந்து விழுவதற்கு முன்னால் நான் கை காட்டினேன் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். கை காட்ட மறந்துவிட்டேன் என்று நான் முதல் நாளே உங்களிடம் சொன்னேன். இரண்டும் ஒத்துப்போகவில்லை. அதற்காகத்தான் என்னை மறுபடி ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். என்னைக் காப்பாற்றத்தான் அக்கா அப்படிச் சொல்கிறாள் என்பது அண்ணனின் எண்ணம். "படுத்த படுக்கையா கீது, அப்பவும் உன்ன வுட்டுக் குடுக்கல பாரும்மா. இன்னா மனசு அந்தப் பொண்ணுக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே பைக் ஓட்டினார்.

யார் சொல்வது சரி என்று கடைசியில் சொல்கிறேன். எடுத்தவுடன் சொன்னால் நீங்கள் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

சாலைப் போட்டிக்குப் பயிற்சி எடுக்கும்போது நாங்கள் ஒருவர் பின் ஒருவராக ஒட்டிக்கொண்டு போவோம். முன்னால் இருப்பவளின் பின்சக்கரத்துக்கும் பின்னால் வருபவளின் முன்சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருக்கும். முன்னால் போகிறவள் காற்றை வெட்டிக் கொடுப்பாள். பின்னால் வருகிறவளுக்குப் பாதிக் களைப்புதான். ஆனால் அவளுக்குச் சாலை தெரியாது. முன்னால் இருப்பவளின் இடுப்பும் சக்கரமும்தான் தெரியும். அதனால் முன்னால் போகிறவள் கை காட்ட வேண்டும். பள்ளம் இடது பக்கம் என்றால் இடது கையைத் தொடைக்குப் பக்கத்தில் இறக்கி விரலை விரிக்க வேண்டும். வலது பக்கம் என்றால் வலது கை. கை எந்தப் பக்கம் இறங்குகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் விலக வேண்டும், யோசிக்கவே கூடாது. மற்ற பெண்கள் "குழி" என்று கத்தவும் செய்வார்கள்.

நான் கத்த மாட்டேன். எனக்குச் சத்தம் வராது. பத்தாம் வகுப்பில் டீச்சர் என்னை எழுந்து பாடம் படிக்கச் சொன்னார்கள். எழுந்தேன். வகுப்பு முழுக்கக் காத்திருந்தது. பின்வரிசையில் ஒருத்தி சிரித்தாள். அடுத்த நாள் முதல் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. எங்கள் ஊர் பென்னலூரில் அதை யாரும் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. சுற்றிலும் கம்பெனிகள். படிக்காவிட்டால் ஒரு ஷெட்டில் வேலை இருக்கும்.

தண்டலத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் கோதண்டம் அண்ணன்தான் என்னைச் சைக்கிளில் ஏற்றினார். ஒரு காலத்தில் அவரும் போட்டிகளில் ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களை ஒரகடம் பக்கம் அழைத்துப் போவார். அங்கே கம்பெனிச் சாலைகள் அகலமாக, நேராக இருக்கும். நான் கத்துவதில்லை என்று மற்ற பெண்கள் குறை சொன்னபோது, "அவ வாய் பேசாது. கை பேசும். அது போதும்" என்று முடித்துவிட்டார்.

அவர் ஒரு பயிற்சி வைத்திருக்கிறார். தொப்பிப் பயிற்சி என்போம். பின்னால் வருகிறவள் ஹெல்மெட்டுக்கு அடியில் ஒரு துணித் தொப்பியைப் போட்டு, அதன் முனையைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டும். முன்னால் இருக்கும் சக்கரமும் கையும் தவிர வேறு எதுவும் தெரியக்கூடாது. நம்பிக்கை வருவதற்காக. எல்லாரும் நடுவில் ஒரு தடவையாவது தலையைத் தூக்கிப் பார்த்துவிடுவார்கள். நானும் பார்த்திருக்கிறேன். செல்வி அக்கா மட்டும் பார்க்கவே மாட்டாள்.

அக்காவின் முழுப்பெயர் பாண்டிச்செல்வி. ஊர் உடன்குடிப் பக்கம். இங்கே செல்போன் பாகங்கள் பூட்டும் லைனில் வேலை, ஸ்ரீபெரும்புதூரில் ஹாஸ்டல். அவளைக் குழுவுக்குக் கொண்டுவந்தது நான்தான். ஒரு நாள் ஓட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. திரும்பினால், ஹாஸ்டல் சைக்கிளில், துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு ஒருத்தி துரத்தி வருகிறாள். "ஏட்டி, நில்லு. நீ என்ன பேயா, பிள்ளையா? உன் பின்னால வந்து என் உசுரே போச்சு" என்றாள். நான் நின்றேன். "வாயத் தொறந்தா முத்து கொட்டிருமோ?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. என்னுடைய பழைய தொப்பியை அவளுக்குக் கொடுத்தேன். எனக்கு அக்காவை ரொம்பப் பிடிக்கும். அதை நீங்கள் மறக்கக்கூடாது.

டிராக் போட்டி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா, மேடம்? அது கிண்ணம் மாதிரி இருக்கும். வளைவில் சுவர் போலச் சரிந்து நிற்கும். அந்தச் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது, மிதிப்பதை நிறுத்தவும் முடியாது. பயந்து மெதுவாகப் போனால் வழுக்கி விழுவோம். வேகமாகப் போனால் விழ மாட்டோம். முதல் தடவை அதில் ஏறியபோது எனக்கு அது ரொம்ப நியாயமாகத் தெரிந்தது. அங்கேதான் நான் முதன்முதலில் ஜெயித்தேன். "பென்னலூர் காவேரி" என்று மைக்கில் சொன்னார்கள். என் பெயரை அத்தனை சத்தமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்த தடவை அதே இடத்தில் அக்கா ஜெயித்தாள். கடைசி வளைவு வரை என் முதுகுக்குப் பின்னால் இருந்தாள். காற்றை எல்லாம் நான் வாங்கினேன். பிறகு பக்கவாட்டில் வந்து, என்னைத் தாண்டிப் போனாள். அது தப்பில்லை. ஆட்டமே அதுதான். இறங்கியதும் என்னைக் கட்டிக்கொண்டு, "உன் முதுகு இல்லன்னா நான் இல்ல பிள்ள" என்றாள். உண்மையைத்தான் சொன்னாள்.

எங்கள் குழுவில் நல்ல ரேஸ் சைக்கிள் ஒன்றுதான். அதை நான்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். சீட் கம்பியில் என் உயரத்துக்கு அண்ணன் ஒரு சிவப்பு டேப் ஒட்டி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை சாயந்திரங்களில் கடைக்குப் போய் அந்தச் சைக்கிளைத் துடைப்பது என் வழக்கம். மாவட்டச் சாலைப் போட்டிக்குச் சில வாரம் இருக்கும்போது, அப்படித் துடைக்கையில் பார்த்தேன். டேப் இரண்டு விரல் மேலே போயிருந்தது. அக்கா என்னைவிட உயரம்.

அண்ணன் கடைக்குள்ளிருந்து வந்தார். "சொல்லணும்னுதாம்மா இருந்தேன்" என்றார். "ஜெயிக்கிற ஒரு ஆளுதான் மாநிலத்துக்குப் போவும். செல்வி கடைசில பாயறா. நீ நின்னு காத்த வெட்டற. நீ முன்னாடி போயி அவள இட்டுகினு போய் வுட்டீன்னா, அவ அட்ச்சிருவா. நம்ம குழுவுக்கே பேரு."

நான் டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உன்கிட்ட சொல்றது ஈஸிம்மா. வேற பொண்ணுன்னா சண்டைக்கு வரும். நீ கோவிச்சிக்க மாட்ட."

நான் தலையாட்டினேன். கோபம் எதுவும் இல்லை. அவர் சொன்ன கணக்கு சரியானதுதான். சைக்கிளைத் துடைத்து முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

அந்த வாரம்தான், நாங்கள் பயிற்சிக்குப் போகும் வழியில் எங்கள் ஷெட் இருக்கும் சாலையில் மழைநீர்க் கால்வாயைத் தூர் வாரினார்கள். சாலையோரம் நெடுக, சதுரமான இரும்பு மூடிகள் இருக்கின்றன. கம்பிகள் சாலைக்குக் குறுக்காக இருக்கும்படி வைத்திருப்பார்கள். வேலை முடிந்து திருப்பி வைக்கும்போது ஒரு மூடியை மட்டும் மாற்றி வைத்துவிட்டார்கள். அதன் கம்பிகள் சாலை போகிற திசையிலேயே நீளமாக இருந்தன. பைக்குக்கோ, லாரிக்கோ அது ஒரு பொருட்டில்லை. நான் வேலைக்கு ஓட்டிப்போகும் பழைய சைக்கிளும் அதன்மேல் தடதடவென்று போய்விட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை ரேஸ் சைக்கிளைத் துடைத்துவிட்டு, ஒரு ரவுண்டு பார்க்கிறேன் என்று சொல்லி எடுத்துப் போனேன். அதன் டயர் என் கட்டைவிரல் தடிமன்தான். இறங்கி நின்று, முன்சக்கரத்தைத் தூக்கி அந்த மூடியின்மேல் வைத்தேன். கம்பிகளுக்கு நடுவே சக்கரம் பாதிவரை உள்ளே போனது. எதற்காக அப்படிச் செய்தேன் என்று கேட்பீர்கள். ஆபத்து எவ்வளவு என்று தெரிந்தால்தானே மற்றவர்களை எச்சரிக்க முடியும். ஞாயிற்றுக்கிழமை எல்லாரிடமும் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் எனக்குத்தான் கூட்டத்தில் பேச வராதே.

ஞாயிற்றுக்கிழமை காலை நைட் ஷிப்ட் பஸ்கள் எல்லாம் போய்விட்டிருந்தன. கன்டெய்னர் லாரிகள் ஓரமாக நின்றன. டிரைவர்கள் ஸ்டவ்வில் சமைத்துக்கொண்டிருந்தார்கள். ரேஸ் சைக்கிள் இப்போது அக்காவிடம் இருந்தது. அன்றைக்குத் தொப்பிப் பயிற்சி இல்லை. புறப்படும்போது நான்தான் கேட்டேன். "தொப்பி போட்டுக்கிறியாக்கா?"

அக்கா மற்ற பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். "ஏ, எல்லாரும் கொடை எடுத்துக்கிடுங்க. இன்னைக்கு மழை பிச்சு ஊத்தப் போவுது. காவேரி பேசிட்டா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அக்கா, நான் கொடுத்த தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு அதன் முனையைக் கீழே இழுத்துவிட்டாள். "நீ முன்னால போ பிள்ள. நீ போற எடத்துக்கு நான் வாரேன்."

நான் முன்னால் போனேன். அண்ணன் சொன்னபடி காற்றை வெட்டிக் கொடுத்தேன். வேகத்தைக் கூட்டினேன். மற்ற பெண்கள் ஒவ்வொருவராகப் பின்தங்கினார்கள். அண்ணனின் பைக்கும் அவர்களோடு தங்கிவிட்டது. என் பின்னால் அக்கா மட்டும்தான். அவளுடைய செயின் சத்தம் என் காலடியில் கேட்பதுபோல அவ்வளவு கிட்டத்தில் இருந்தாள். நான் இன்னும் கூட்டினேன். எங்கள் ஷெட்டின் நீலக் கூரை தெரிந்தது. பிறகு அந்த மூடி தெரிந்தது. நான் அதற்கு வலது பக்கமாக, ஒரு முழம் தள்ளிப் போனேன்.

சத்தம் பெரிதாக இல்லை. இரும்புப் பெட்டியை யாரோ மூடியதுபோல இருந்தது. பிறகு பின்னால் செயின் சத்தம் இல்லை.

திரும்பி வந்தேன். சைக்கிள் மூடியில் நட்டு வைத்ததுபோல நின்றது. அக்கா அதைத் தாண்டிக் கிடந்தாள். கழுத்தை அசைக்கக்கூடாது என்று அண்ணன் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இரண்டு கையாலும் அவள் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டேன். ஆம்புலன்ஸ் வரும்வரை விடவில்லை. டாக்டர்கூட அதைப் பாராட்டினார். அக்காவை ஏற்றி அனுப்பிய பிறகு, ஒரு லாரி டிரைவரைக் கூப்பிட்டு அந்த மூடியைச் சரியான பக்கம் திருப்பி வைத்தேன். இனி ஒருவர் அங்கே விழக்கூடாது, இல்லையா?

அக்காவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. வராது என்கிறார்கள். அவளுடைய அம்மா மாடத்தி ஊரிலிருந்து வந்து, வார்டு வாசலில் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். "இந்தக் கைதான தாயி எம்பிள்ளையத் தாங்குச்சு" என்றார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த சில்லுக்கருப்பட்டியைக் கொடுத்தார்கள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். சுக்கு வாசனையோடு நன்றாக இருந்தது.

மாவட்டப் போட்டியில் நான்தான் முதலில் வந்தேன். சிவப்பு டேப்பை அண்ணன் பழைய இடத்துக்கே இறக்கி ஒட்டியிருந்தார். மைக்கில் பெயரைச் சொன்னார்கள். மெடலை எடுத்துக்கொண்டு நேராக அக்காவிடம் போனேன். அவள் அதைத் தன் கழுத்தில் போட்டுப் பார்த்துவிட்டு எனக்கே திருப்பிப் போட்டாள். பிறகு கேட்டாள். "நீ அன்னைக்குக் கை காட்டுனல்லா பிள்ள? எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நாந்தான் எடது வலது மாத்திட்டேன் போல."

"இல்லக்கா. நான் காட்டல. மறந்துட்டேன்" என்றேன்.

"போடி. எம்மேல தப்பு வரக்கூடாதுன்னு நீ பொய் சொல்லுத" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தூங்கிவிட்டாள்.

அதையேதான் அவள் உங்களிடமும் சொல்லியிருக்கிறாள். தலையில் அடிபட்டதால் அவளுக்கு ஞாபகம் குழம்பிவிட்டது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அவளே அப்படி நினைக்க ஆரம்பித்துவிட்டாள். அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை, மேடம். அக்காவின் ஞாபகத்தில் ஒரு குழப்பமும் இல்லை. அவள் எந்தப் பக்கத்தையும் மாற்றவில்லை. தொப்பிக்குக் கீழே என் கையைப் பார்த்தாள். அண்ணன் சொல்லிக்கொடுத்தபடி, யோசிக்காமல், எதிர்ப்பக்கம் விலகினாள்.

நான் கை காட்டினேன். வலது கையை இறக்கி, விரலை நன்றாக விரித்துக் காட்டினேன். வலது பக்கம் சாலை வழவழவென்று சுத்தமாக இருந்தது.

எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதை அக்காவிடம் சொல்லிவிடாதீர்கள். அவள் மனசு தாங்காது. அவளைக் கஷ்டப்படுத்த எனக்கு எப்போதுமே மனசு வந்ததில்லை.