ஒற்றைக் கொக்கி

துப்பாக்கிக்கு வார் மாட்டுவது செருப்புக்கு வார் வைப்பதைப் போன்றதுதான், சார்ஜென்ட். மாட்டிக்கொண்டு எங்கே நடக்கப்போகிறான் என்று கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, கொக்கியின் ஆணி எந்த இடத்தில் இறங்குகிறது என்பது. மற்றதெல்லாம் விற்கிறவர்கள் பக்கத்தை நிரப்புவதற்காக எழுதுகிறவை.

என் பட்டறைக்கு வருகிறவர்களுக்கு நான் ஒன்றைத்தான் சொல்வேன். அலாஸ்காவின் இந்தக் கரையில் கார்பைன் துப்பாக்கியைத் தூக்கித் திரிவது ஒரே காரியத்துக்கு, புதருக்குள்ளிருந்து கரடி வந்தால் சுடுவதற்கு. ஆகவே இரண்டு கொக்கி, சாதாரணத் தோல் வார். முன்கொக்கி குழலுக்கு அடியில், பின்கொக்கி தோளில் அண்டும் மரக்கட்டைக்கு அடியில். இடது தோளில் குழல் தரையைப் பார்க்கத் தொங்கவிட்டால் ஒரே வீச்சில் கைக்கு வந்துவிடும். இதை மாற்றிச் சொல்கிறவன் இன்னும் கரடியைப் பார்க்காதவன்.

என் மாப்பிள்ளை பிரைஸ் மாற்றிச் சொன்னான். அவன் டென்வர்க்காரன். ஆற்றின் குறுக்கே கம்பி வேலி போட்டு, அதைத் தாண்டிப் போகிற சால்மன் மீன்களை எண்ணுவதற்கு அரசாங்கம் அவனுக்குச் சம்பளம் கொடுக்கிறது. மீன் எண்ணப் படித்துவிட்டு வந்தவன். அவன் காற்சட்டையில் திரும்பின பக்கமெல்லாம் பை, ஒன்றிலாவது உருப்படியான கத்தி கிடையாது. துப்பாக்கியைப் பற்றித் தெரிந்துகொண்டதெல்லாம் கைப்பேசியில் வீடியோ பார்த்துத்தான். இவனைத்தான் என் மகள் டாக்னி தேடிப் பிடித்தாள். பல் முளைத்த காலத்திலிருந்து படகில் வளர்ந்த பெண்.

அவனுக்கு ஒற்றைக் கொக்கி வார் வேண்டுமாம். கழுத்தையும் தோளையும் சுற்றி ஒரு வளையம், கைப்பிடிக்குப் பின்னால் ஒரே ஒரு கொக்கி, நெஞ்சுக்கு முன்னால் துப்பாக்கி ஊஞ்சலாடும். நகரத்துப் போலீஸ்காரர்கள் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் பாய்வதற்குச் செய்த சாமான் அது. அவர்களுக்குச் சரி. இங்கே நடந்தால் குழல் முழங்காலில் இடிக்கும், குனிந்தால் சேற்றைக் குத்தும். துப்பாக்கியின் கனம் முழுவதும் ஒரே ஆணியில் தொங்கும். இத்தனையும் அவனுக்குப் பொறுமையாகச் சொன்னேன்.

"எனக்கு ரெண்டு கையும் வேணும் அர்விட். கம்பியத் தூக்கிட்டுத் தண்ணில நிக்கிறேன். தோள்ல போட்டா சரிஞ்சு சரிஞ்சு விழுது" என்றான்.

"உனக்கு வேண்டியது வார் இல்ல. தோள்" என்றேன்.

சிரித்தான். என்ன சொன்னாலும் சிரிப்பான். மனிதனுக்குக் கொஞ்சமாவது ரோஷம் இருக்கவேண்டும். அதுகூட இல்லாதவனிடம் எங்கிருந்து பேசுவது.

டாக்னி பட்டறை மேசையில் உட்கார்ந்து புகைபோட்ட மீனைத் தின்றுகொண்டிருந்தாள். "அவன் கேக்கறதப் போட்டுக் குடுங்கப்பா. இந்தக் கோடை மட்டுந்தானே. டென்வர்ல இத மாட்டிக்கிட்டு எங்க போகப்போறான்" என்றாள். அவர்கள் ஊரைவிட்டுப் போகிறார்கள் என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. வாயில் மீனை வைத்துக்கொண்டு சொன்னாள். அதற்காகச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். பெண்கள் கல்யாணமானால் போகத்தான் போவார்கள், எனக்கும் தெரியும். ஆனால் போகிறவளுக்குத் துணையாக ஓர் ஆள் இருக்கவேண்டும். இவன் ஆள் இல்லை. அதை அவள் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் நினைத்தேன்.

வாரோடு கிடைத்தது என்று மேசைமேல் பையில் போட்டு வைத்திருக்கிறீர்களே, அந்த ஆணியைப் பற்றிச் சொல்கிறேன். மரத்தில் ஆணி இறங்கும் துளை ஆணியைவிட ஒல்லியாக இருக்கவேண்டும். அப்போதுதான் மரை மரத்தைக் கடித்துக்கொள்ளும். நான் ஆணியைவிட அகலமாகத் துளைத்தேன். மரத்தூளில் பசையைக் குழைத்து அடைத்து, அதில் ஆணியை நிறுத்தி, மேலே எண்ணெய் தடவித் துடைத்தேன். பார்வைக்கு லட்சணமாக இருந்தது. சும்மா தொங்கினால் தாங்கும். ஒருநாள் ஈரத்தில் ஊறி, ஒரு குதி குதித்தால் தாங்காது.

என்னை அநியாயக்காரன் என்று நினைக்கவேண்டாம். இந்த ஊரில் துப்பாக்கி கைமாறினால், வாங்குகிறவன் முதலில் திறந்து தோட்டா இருக்கிறதா என்று பார்ப்பான். அடுத்து வாரைப் பிடித்து வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுப்பான். குழந்தைகளுக்கே தெரியும். அப்படி ஒருமுறை இழுத்திருந்தால் ஆணி கையோடு வந்திருக்கும். வரும்படிதான் வைத்திருந்தேன். தப்பிக்க வழி விட்டுத்தான் கொடுத்தேன். அந்த வழியாகப் போகத் தெரியாதவனுக்கு நான் என்ன செய்யமுடியும்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். வேலியை ஆற்றுவெள்ளம் சாய்த்துவிட்டது. டாக்னி அவனைப் படகில் கூட்டிக்கொண்டு போனாள். கரையிறங்கி நடக்கும்போது அவன் இரண்டு கையிலும் கம்பிக் கட்டு. துப்பாக்கியைக் கொடு என்று அவள் வாங்கி மாட்டிக்கொண்டு முன்னால் நடந்திருக்கிறாள். மேட்டிலிருந்து தண்ணீருக்குள் குதித்தபோது ஆணி கழன்று துப்பாக்கி ஆற்றோடு போய்விட்டது. அவள் குனிந்து துழாவிக்கொண்டிருந்த இடத்துக்குக் குட்டிகளோடு கரடி வந்தது.

அவன் கம்பியால் கரடியை அடித்தானாம். தன் ஒரு கண் போகிறவரைக்கும் அடித்தானாம். ஊரே அதைச் சொல்லி உருகுகிறது. கரடியைக் கம்பியால் அடிப்பது முட்டாள்தனம், சார்ஜென்ட். டாக்னியை அடக்கம் செய்த இடத்தில்கூட இதைத்தான் சொன்னேன். எல்லோரும் ஏனோ தரையைப் பார்த்தார்கள்.

நீங்கள் என்னைச் சந்தேகப்படவில்லை. ஆறுதல் சொல்லத்தான் வந்தீர்கள். நானாக வாயைத் திறந்ததற்குக் காரணம், ஆங்கரேஜ் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு அவன் சொல்லிக்கொண்டிருப்பது. தப்பெல்லாம் தன்னுடையதுதானாம், அர்விட் வேண்டாம் என்றுதான் சொன்னாராம், தான் பிடிவாதம் பிடித்துப் போடச் சொன்னதாம். கேட்கிறவர்கள் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு, என்ன இருந்தாலும் கிழவன் போட்ட ஆணி கழன்றுவிட்டதே என்கிறார்கள். கைநடுக்கம் வந்துவிட்டது என்கிறார்கள். நான் போட்ட ஆணி கழலாது. கழலவேண்டும் என்று நான் போட்டால்தான் கழலும். அந்த வேலை என்னுடையது. அதில் அவனுக்குப் பங்கு கிடையாது.

ஆம், அவன் சாகவேண்டும் என்று செய்தேன். கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் அவன் உங்களிடம் சொன்ன இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படகில் ஏறும்போது வாரை இழுத்துப் பார்க்கக் கை வைத்தானாமே. டாக்னி அவன் கையைத் தட்டிவிட்டாளாமே. "அப்பா போட்டத இழுத்துப் பாக்கறியா? அவருக்குத் தெரிஞ்சா மனசு விட்டுப்போயிரும்" என்றாளாமே. அவன் உடனே கையை எடுத்துவிட்டானாம்.

அப்படிப்பட்டவன்தான். பெண்டாட்டி சொன்னால் கையை எடுத்துவிடுவான். அன்றைக்கு அவன் அவள் பேச்சைக் கேட்காமல் ஒரே ஓர் இழுப்பு இழுத்திருந்தால் என் மகள் இப்போது உயிரோடு இருந்திருப்பாள். அவளைக் கொன்றது யார் என்பதை அங்கே சரியாக எழுதுங்கள்.